நாலு பத்துக்கு யார் பேசுவது?

அத்தியாயம் 5

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தால், இந்த அத்தியாயத்தை இவ்வளவு வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்காது.

நான் டில்லிபாபு. தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ரமாபாய் அக்கா நடத்தும் துப்பறியும் ஆபீசில் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன் எல்லாம் நானே. அக்கா ஒரு கப்பல் கம்பெனியில் இருபது வருஷம் முதலில் டெலக்ஸும் பிறகு கம்ப்யூட்டரும் அடித்தவர். கம்பெனியை இழுத்து மூடியதும் ஊரார் ரகசியத்தைத் தோண்ட வந்துவிட்டார்.

2003 ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, பத்து மணி. எஸ்.ஐ. கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஷாலு உட்கார்ந்திருந்தாள். காலடிப்பேட்டைப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். ஜூன் பன்னிரண்டாம் தேதி வேலைக்குப் போன அவள் புருஷன் அன்புமணி இன்னும் வீடு திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டான் என்பது தெருவின் தீர்ப்பு. இவள்தான் வாயால் துரத்திவிட்டாள் என்பது மாமியாரின் தீர்ப்பு. ஷாலுவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் அவளை விட்டுவிட்டுப் போனானா, இல்லையா?

எனக்குப் போரடித்தது. எதிரே ஒரு நோட்டீஸ் போர்டு. காணாமல் போன மொபெட் பற்றிய காகிதத்துக்கு அடியில் பாதி மறைந்த இன்னொரு காகிதம். தேதி தெரியவில்லை. சத்தமாகப் படித்தேன்.

"'அடையாளம் தெரியாத ஆண். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தார். சட்டைப் பையில் 38 என்று எண் போட்ட அலுமினிய டோக்கன் ஒன்று. கையில் புதிய லேடீஸ் செருப்பு ஒரு ஜோடி.' இத்தப் பாருக்கா, டோக்கன் வாங்கிக்கினு குந்தியிருக்கான், நம்பர் வர்றதுக்குள்ள டிக்கெட் வாங்கிட்டான்."

"டில்லி, சும்மா இரு."

"லேடீஸ் செருப்பு இன்னாத்துக்குக்கா? அடிச்ச செருப்ப ஞாபகார்த்தமா வெச்சிக்கினான் போல."

அக்கா முறைத்தார். ஆனால் ஷாலு சிரித்துவிட்டாள். எங்களிடம் வந்த நான்கு நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "பாவம்ணா, செத்தவங்களப் போயி..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எஸ்.ஐ. மூன்றே நிமிடத்தில் எங்களை அனுப்பிவிட்டார். "டெய்லி பொண்டாட்டியோட கம்ப்யூட்டர்ல பேசறவன் எப்படிம்மா காணாமப்போனவன் ஆவான்? இது குடும்பத் தகராறு. வேணும்னா மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இந்தக் கேசில் பெரிய பேஜாரு.

வெளியே டீக்கடையில் ஷாலு தன் நாற்பது பக்க நோட்டை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். வீட்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அவளுக்கு சாட் பண்ணக் கற்றுக்கொடுத்தவனே அன்புமணிதான். அவன் வீடு வர ஒன்பது மணி ஆகிவிடும். அதனால் தினமும் நாலு மணிக்கு அவள் அங்கே போய் உட்காருவாள். அவனிடமிருந்து 'சாப்ட்டியாம்மா?' என்று வரும். அவள் ஏதாவது சொல்வாள். 'சரிம்மா. பாத்து போ' என்று முடியும். அவன் காணாமல் போன பிறகும் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. முதல் நாளிலிருந்தே அவனிடமிருந்து வந்த ஒவ்வொன்றையும் தேதி, மணியோடு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"எங்க கீறன்னு அடிச்சேன்க்கா. 'சரிம்மா, பாத்து போ'ன்னு வந்துச்சி. வூட்டுக்கு வா, சண்டயே போட மாட்டேன்னு அடிச்சேன். அதுக்கும் அதேதான். ஒரு நாளு, நான் செத்துப்பூடுவேன்னு அடிச்சேன்." அவள் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கும் சரிம்மா, பாத்து போ."

"சண்டைன்னியே, இன்னா சண்ட?" என்றார் அக்கா.

"சின்ன விஷயம்க்கா. சொல்லவே வெக்கமா கீது." அவள் அக்கா கையிலிருந்த நோட்டைப் புரட்டிவிட்டாள். "அவர யாரோ புடிச்சி வெச்சிருக்காங்க. அதனாலதான் இப்படிப் பேசறாரு. போன வியாழக்கெழம வந்தத பாருங்க, சங்கேதம் அது."

அன்றைக்கு மட்டும் 'சாப்ட்டியாம்மா' இல்லை. அதற்குப் பதில் இப்படி இருந்தது: KMVU 4182763. சீல் ஓகே. லேன் 4.

"லாட்டரி நம்பரோ?" என்றேன். "லாட்டரியத்தான் கவர்மென்டு நிறுத்திட்டாங்களே."

"நாலாவது எழுத்து இன்னா, டில்லி?"

"யூ."

"எந்த ஊரு கன்டெய்னரா இருந்தாலும் நாலாவது எழுத்து யூதான். அப்பால ஏழு நம்பரு. இருவது வருஷம் இத்தத்தான அடிச்சிக்கினு இருந்தேன்." அக்கா ஒரு ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு கடையின் போனுக்குப் போனார். பழைய கம்பெனி தோஸ்து அப்துல் வஹாப் இப்போது துறைமுகத்தில் இருக்கிறார். பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அந்தக் கன்டெய்னர் போன வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் திருவொற்றியூர் நீலாம்பரி யார்டுக்குள் நுழைந்திருக்கிறது.

ஷாலு எழுந்தே விட்டாள். "அவரு வேல செஞ்ச எடம்க்கா அது! கேட்டாண்ட போயி கேட்டேன், ஜூன் பன்னெண்டுக்கு அப்பால வரலன்னு சொன்னாங்களே. பொய்யி! அவரு உள்ளதான் கீறாரு!"

எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த யார்டில் ஏதோ ஒரு கீபோர்டுக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவனை நாலு பத்துக்குக் கையும் களவுமாகப் பிடித்தால் கேஸ் முடிந்தது.

அக்கா மட்டும் நோட்டிலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். "ஜூன் பன்னெண்டுக்கு முன்னாடி பாரு. நாலு ரெண்டு, நாலு பத்து, நாலு பத்தொம்போது, நாலு பத்து. அப்பால எல்லாமே நாலு பத்து."

"ஆளு திருந்திட்டான்க்கா."

"ஞாயித்துக்கெழம கூடவா? மனுஷன்னா ஒரு நாளாவது லேட்டா வருவான் டில்லி."

ஷாலுவை பிரவுசிங் சென்டரில் இறக்கிவிட்டோம். வழக்கம்போல நாலு மணிக்கு அவள் அங்கே உட்கார வேண்டும், நாங்கள் யார்டில் இருப்போம் என்று ஏற்பாடு. ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனவள் திரும்பி வந்து, "அண்ணா, அவர அடிக்காதீங்க. சாப்ட்டாரான்னு மட்டும் கேளுங்க" என்றாள்.

நீலாம்பரி யார்டின் வாசலில் வாட்ச்மேன் சௌக்கத் அலி என் டிரைவிங் லைசென்சை வாங்கிச் சுவரில் இருந்த ஓர் ஆணியில் மாட்டிவிட்டு ஒரு டோக்கனைக் கொடுத்தார். அக்காவுக்கும் அப்படியே. வெளியே போகும்போது டோக்கனைக் கொடுத்தால் கார்டு திரும்பக் கிடைக்கும். பார்க்காமலேயே பையில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மூளை எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

ஆபீசில் தஸ்னீம் என்ற பெண் இருந்தாள். வண்ணாரப்பேட்டைப் பெண், ஆறு வருஷமாக அங்கே வேலை. அன்புமணியைத் தேடி வந்திருக்கிறோம் என்று அக்கா சொன்னதும் அவள் மூலையைக் காட்டினாள்.

"அதுதான் அன்பு சிஸ்டம். நிறுத்துன்னு யாரும் சொல்லல, அதனால ஓடிக்கிட்டே இருக்கு."

மூலையில் ஒரு கம்ப்யூட்டர். மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'தொடாதீர்கள், வேலையில் இருக்கிறது' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதன் முன்னால் இருந்த நாற்காலியில் ஆள் இல்லை.

"இதுல யாரு வேல செய்றது?" என்றேன்.

"யாரும் இல்ல."

என்னிடமே மறைக்கிறாயா என்று நினைத்துக்கொண்டேன். மணி நாலு ஐந்து. ஒரு தடித்த பைலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பீரோ பக்கத்தில் ஒளிந்தேன். அடிக்கக் கூடாதுதான், ஆனால் ஆள் ஓடினால் இரண்டு தட்டாவது தட்ட வேண்டும் அல்லவா? அக்கா மட்டும் காலி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று திரையையே பார்த்தார்.

நாலு எட்டு. நாலு ஒன்பது. கதவு திறக்கவில்லை.

நாலு பத்து. மூலையில் திரை ஒரு தடவை மின்னியது. யார்டு பதிவுகளின் விண்டோ பின்னால் போனது. அடியில் கிடந்த சாட் விண்டோ தானாக எழுந்து முன்னால் வந்தது. கீபோர்டில் எந்தக் கையும் இல்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

சாப்ட்டியாம்மா?

நான் பைலைக் கீழே போட்டுவிட்டேன்.

சில நொடிகளில் காலடிப்பேட்டையிலிருந்து பதில் வந்தது. 'சாப்ட்டேன். அக்காவும் அண்ணனும் உன்னப் பாக்க வந்துகினு கீறாங்க. பயப்படாத. அவங்க நல்லவங்க. கூட வந்துடு.'

விண்டோ பத்து நொடி சும்மா இருந்தது. பிறகு தானாக அடித்தது.

சரிம்மா. பாத்து போ.

சாட் விண்டோ மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண் கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தஸ்னீம்தான் விளக்கினாள். யார்டுக்குக் கொடுத்திருந்த சாஃப்ட்வேரில் ஒவ்வொரு கன்டெய்னரையும் கையால்தான் அடிக்க வேண்டும், மாற்ற வழியில்லை. அதனால் அன்புமணி தானே ஒரு புரோகிராம் எழுதினான். எடை மேடையிலிருந்து விவரம் வந்ததும் அது அந்த சாஃப்ட்வேரின் விண்டோவைத் தலைப்பைப் பார்த்துத் தேடும், முன்னால் கொண்டு வந்து நிறுத்தும், கட்டம் கட்டமாக அடித்து, சேவ் பட்டனையும் அதுவே அமுக்கும். "அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு மனுஷன் அடிக்கிறான்னுதான் தெரியும்" என்றாள்.

"அதே மாதிரி சாட்டையும் தேடச் சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார் அக்கா.

"சாட்டா? அது எனக்குத் தெரியாதுங்களே." தஸ்னீம் நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா போன வியாழக்கெழம ஒரு கன்டெய்னரோட குறிப்புக் கட்டத்துல 'சாப்ட்டியாம்மா'ன்னு இருந்துச்சி. வைரஸ்னு நினச்சி அழிச்சேன்."

அன்றைக்கு ஒரே நொடியில் இரண்டு வேலையும் வந்திருக்கிறது. எந்த விண்டோ முன்னால் நிற்கிறதோ அதில்தான் எழுத்து விழும். அதனால் கன்டெய்னர் நம்பர் ஷாலுவுக்குப் போனது, ஷாலுவிடம் கேட்க வேண்டிய கேள்வி கன்டெய்னருக்குப் போனது. சங்கேதமும் இல்லை, பிடித்து வைத்தவனும் இல்லை.

அக்கா புரோகிராமைத் திறந்து படித்தார். இடையிடையே அன்புமணி தனக்கென்று எழுதி வைத்த குறிப்புகள் இருந்தன. 'நாலு மணிக்கு சீல் செக் பண்ண யார்டுக்குள்ள போயிடறேன். அவ தனியா குந்தியிருப்பா. நீ கேளு.' அதற்குக் கீழே: 'கடைசி அஞ்சு நிமிஷத்துக்குள்ள என் கை கீபோர்டுல பட்டிருந்தா நீ பேசாத. நான் வந்துட்டேன்னு அர்த்தம். நானே பேசிக்கறேன்.'

"நாலு ரெண்டும் நாலு பத்தொம்போதும் அவன் கை" என்றார் அக்கா. "நாலு பத்து மிஷினு."

"அப்ப ஆளு எங்கக்கா? ஓடித்தான் போயிட்டானா?"

அக்கா சாட் விண்டோவை இழுத்து, பழைய பேச்சை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். அவன் கடைசியாக வேலை செய்த நாட்கள் வந்தன. ஜூன் 11, நாலு பத்து. ஷாலு அடித்திருந்தாள்: 'வர்ற வழியில செருப்பு அறுந்துபோச்சு. தார் ரோட்டுல வெறுங்காலோட வந்தேன். கொப்புளம் வந்துடுச்சி.' அதற்குப் பதில்: 'சரிம்மா. பாத்து போ.'

"இதுதான் அந்த சின்ன விஷயம்" என்றார் அக்கா மெதுவாக. "காலு வெந்துச்சின்னு சொன்னா, பாத்து போன்னு பதிலு. எந்தப் பொண்டாட்டி சும்மா இருப்பா? ராத்திரி கிழிச்சி எடுத்திருப்பா. மிஷினு சொன்னதுன்னு இவனால சொல்லவும் முடியாது, வாங்கிக் கட்டிக்கினு இருந்திருப்பான். மறு நாளு..."

அக்கா பேசிக்கொண்டே போனார். எனக்குக் காதில் விழவில்லை. செருப்பு. புதிய லேடீஸ் செருப்பு ஒரு ஜோடி.

என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. வட்டமாக, லேசாக, விளிம்பு தேய்ந்து ஒன்று விரலில் பட்டது. வெளியே எடுத்தேன். அலுமினியம். நம்பர் மட்டும்தான் அடித்திருந்தது, யார்டு பெயர் இல்லை. 51.

"அக்கா" என்றேன். டோக்கனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

வாசலுக்கு ஓடினோம். சௌக்கத் அலியின் பின்னால் சுவர் முழுக்க வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் கீழும் பெயின்டில் நம்பர். முப்பத்தெட்டாவது ஆணியில் ஓர் அடையாள அட்டை தொங்கியது. மேலே தூசி. துடைத்தேன். அன்புமணி சிரித்துக்கொண்டிருந்தான்.

"இது நான் டூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்தே தொங்குது தம்பி" என்றார் சௌக்கத் அலி. "எங்கள மாசா மாசம் மாத்திடுவாங்க. முன்னாடி இருந்தவரு அப்படியே உடு, வந்து வாங்கிக்குவான்னுட்டாரு."

"டோக்கன் குடுக்காம எப்படி வெளிய போக முடியும்?" என்றார் அக்கா.

"கன்டெய்னர் ஏத்தற டிரெய்லர்ல ஏறிப் போவாங்கம்மா. இங்க எல்லாரும் செய்றதுதான். லாரி கேட்டுல கன்டெய்னரு சீலத்தான் பாப்பான், டிரைவர் பக்கத்துல குந்தியிருக்கறவன கேக்க மாட்டான். கடைக்குப் போயிட்டு இன்னொரு டிரெய்லர்ல திரும்பி வந்துடலாம். கால் மணி வேல."

கால் மணி வேலைதான். பத்து வாரம் ஆகிவிட்டது. தினமும் பேசுகிற ஆளைச் செத்தவர்கள் போர்டில் யார் தேடுவார்கள்? போலீசும் தேடவில்லை, பெண்டாட்டியும் தேடவில்லை, நாலு பத்தைக் கண்டுபிடித்த அக்காவும் தேடவில்லை. நான் மட்டும் அதைப் படித்தேன். படித்துவிட்டு ஜோக் அடித்தேன்.

பிரவுசிங் சென்டர் வாசலில் ஷாலு காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அவள் இடது காலின் செருப்பு வாரில் பின்னூசி குத்தியிருந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன். நான்கு நாளாக அவள் என் கண் முன்னால் அந்தக் காலைத் தேய்த்துத்தான் நடந்திருக்கிறாள். பெரிய துப்பறியும் உதவியாளன் நான்.

அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. ஷாலு அலறவில்லை. "அப்ப நான் பேசினது யாரோடக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் உட்கார்ந்த அதே பெஞ்சில் சாயங்காலம் மூவரும் மறுபடி உட்கார்ந்தோம். அன்புமணியை ஜூலையிலேயே அநாதைப் பிணம் என்று புதைத்திருந்தார்கள். சாமான்கள் மட்டும் ஸ்டேஷனில் இருந்தன. ரைட்டர் சாக்கை அவிழ்த்துக் கொண்டு வரும் வரை, அக்கா ஷாலுவின் நோட்டை வாங்கி, நாலு பத்து இல்லாத வரிகளுக்கெல்லாம் பேனாவால் கோடு போட்டார்.

"இதெல்லாம் அவன் கையால பேசினது. எத்தினி இருக்கு பாரு. யார்டுல இருந்து ஓடி வந்து ஓடி வந்து அடிச்சிருக்கான்."

ஷாலு அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். நோட்டு நனைந்தது. அக்கா அதை மூடவில்லை.

"தஸ்னீம் கேட்டா, அந்தப் புரோகிராம நிறுத்திடட்டுமான்னு. நீ சொல்றதுதான்."

"நிறுத்திடுங்கக்கா. நாளைக்கும் சாப்ட்டியான்னு கேட்டா, பதில் சொல்லாம என்னால இருக்க முடியாது."

ரைட்டர் டோக்கனையும் ஒரு பாலிதீன் கவரையும் மேஜையில் வைத்தார். கவருக்குள் மெரூன் கலர் செருப்பு, அட்டை விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஷாலு பின்னூசி குத்திய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். புதியதை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு எட்டு வைத்துப் பார்த்தாள்.

"சரியா கீது" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தேன். தினமும் வண்டி வண்டியாகப் பேசுகிற வாய், அப்போது திறக்கவே இல்லை.

"அண்ணா, காலைல அந்த போர்டுல படிச்சீங்களே, இன்னொரு தபா படிங்க. முழுசா படிங்க. மாமியாராண்ட, தெருவாண்ட எல்லாம் நான் அப்படியே சொல்லணும், ஓடிப் போகலன்னு."

எழுந்து போய் மொபெட் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தேன். தேதி தெரிந்தது. "ஜூன் பன்னிரண்டு" என்று ஆரம்பித்தேன். "அடையாளம் தெரியாத ஆண்..."

"அன்புமணி" என்றாள் ஷாலு.

"...எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தார். சட்டைப் பையில் 38 என்று எண் போட்ட அலுமினிய டோக்கன் ஒன்று. கையில் புதிய லேடீஸ் செருப்பு ஒரு ஜோடி."

"எனக்கு வாங்கினது" என்றாள்.